கேட்டவருக்கு என்ன ஆயிற்று?

கச்சேரி விமர்சனத்துக்கென்றே ஒரு தமிழ் இருக்கிறது. அதில் பக்கவாத்தியக்காரர் எப்போதும் 'அனுசரணையாக' வாசிப்பார். தனி ஆவர்த்தனம் 'கனஜோர்'. சாரீரம் 'ஒத்துழைக்கும்', அல்லது 'ஒத்துழைக்க மறுக்கும்'. காம்போதி விஸ்தாரம், பைரவி கம்பீரம், முகாரி உருக்கம். மூன்றாவது உருப்படியில் கச்சேரி 'களை கட்டும்'. கடைசித் துக்கடாவில் ரசிகர்கள் 'சொக்கிப் போவார்கள்'. நான் வேலை பார்த்த வாரப் பத்திரிகையில் டிசம்பர் மாதம் முழுக்க இந்தத் தமிழைத் திருத்தி அச்சுக்கு அனுப்புவது என் பொறுப்பு. போன வருஷத்துக் கட்டுரையில் பெயரை மட்டும் மாற்றி இந்த வருஷம் போட்டாலும் ஒருத்தருக்கும் தெரியாது என்று எங்கள் அச்சுக்கூட ஃபோர்மன் சொல்வார். அவர் கச்சேரிக்கே போகாதவர். ஆனாலும் அவர் சொன்னது சரி.

இதில் வேடிக்கை என்னவென்றால், எழுதியவர்கள் சங்கீதம் தெரியாதவர்கள் அல்லர். கட்டுரையைக் கொடுக்க ஆபீஸுக்கு வருவார்கள். காபி வரும். அப்போது பேசுவார்கள் பாருங்கள். "நேத்திக்கு முகாரியில ஒரு இடம் பிடிச்சார் ஸார். பக்கத்து நாற்காலிக்காரர் மூக்குக் கண்ணாடியைக் கழட்டி மடியில வெச்சுண்டுட்டார். அப்புறம் கச்சேரி முடியற வரைக்கும் போட்டுக்கவே இல்லை." கையில் இருக்கும் காகிதத்தைப் பார்த்தால் அதே முகாரிக்கு ஒரே வரி: உருக்கமாக இருந்தது. "இப்போ சொன்னதை எழுதிடுங்களேன்" என்பேன். "அதெல்லாம் எழுதினா விமர்சனமா இருக்காது ஸார், வம்பு மாதிரி இருக்கும்" என்பார்கள்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று எனக்கு ரொம்ப நாளாக ஒரு கேள்வி. ஏனென்றால் பழைய தமிழுக்கு அந்தப் பயம் கிடையாது. அகநானூற்றில் ஒரு பாட்டு வருகிறது. தினைப்புனத்தில் ஒரு குறப்பெண் கூந்தலைக் கோதிக்கொண்டே குறிஞ்சிப் பண்ணைப் பாடுகிறாள். கதிரைத் தின்ன வந்த யானை தின்னவும் இல்லை, நின்ற இடத்தை விட்டு நகரவும் இல்லை, அப்படியே தூங்கிப் போகிறது. பாட்டு இனிமை என்றோ குரல் தேன் என்றோ சொல்லாமல், யானைக்கு என்ன ஆயிற்று என்பதை மட்டும் புலவர் சொல்கிறார். பொருநராற்றுப்படையில் பாலைப் பண்ணைக் கேட்ட வழிப்பறிக்காரன் கையில் இருந்த ஆயுதத்தைப் போட்டுவிடுகிறான். சேக்கிழார் ஆனாய நாயனாரின் குழலைச் சொல்லும்போது முதலில் குழல் செய்யும் விதம், துளைகள், விரல் வைக்கும் முறை எல்லாவற்றையும் சாஸ்திரமாகவே சொல்லி முடித்துவிடுகிறார். பிறகுதான் பசு அசைபோட மறந்ததையும், பால் குடித்துக்கொண்டிருந்த கன்று நுரை வாயோடு நின்றுவிட்டதையும், ஆடிக்கொண்டிருந்த மயில்மேல் பாம்பு வந்து விழுந்ததையும் சொல்கிறார். சாஸ்திரமும் வேண்டும், நுரை வாயும் வேண்டும் என்பது அவர் கணக்கு. எங்கள் டிசம்பர் பக்கங்களில் இரண்டுமே இருக்காது.

நான் மாயவரத்துக்காரன். சங்கீதத்தைத் தமிழில் சொல்லிவந்த இந்தக் கதையில் பாதி எங்கள் ஊரைச் சுற்றியே நடந்தது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு. அதனால் அந்தப் பாதியில் சற்று அதிக நேரம் நிற்பேன்.

1860-களின் தொடக்கத்தில் கோபாலகிருஷ்ண பாரதியார் நந்தனார் சரித்திரக் கீர்த்தனையை அச்சுப் போடப் போகிறார். காரைக்காலில் இருந்த ஸீஸே என்ற பிரெஞ்சு அதிகாரி அதைக் கேட்டுவிட்டு அச்சிட முன்வந்தார். புத்தகம் என்றால் சிறப்புப் பாயிரம் வேண்டும். அந்தப் பக்கத்தில் பாயிரம் என்றால் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைதான். பிள்ளைக்கு இந்தக் கீர்த்தனையில் மனம் ஒப்பவில்லை. இலக்கணப் பிழைகள் இருக்கின்றன, பெரியபுராணத்தில் இல்லாதவை இருக்கின்றன. ஆளை நேரில் மறுக்கவும் முடியவில்லை. இன்று நாளை என்று தட்டிக் கழிக்கிறார். பாரதியாரும் சலிக்காமல் வந்து வந்து போகிறார். ஒரு நாள் பகலில் பிள்ளை சாப்பிட்டுவிட்டு உள்ளே தூங்குகிறார். பாரதியார் திண்ணையில் உட்கார்ந்தார். சும்மா இருக்க முடியாமல் நந்தனார் கீர்த்தனையில் ஒன்றை எடுத்துப் பாட ஆரம்பித்தார். உள்ளே தூக்கம் கலைந்தது. பிள்ளை எழுந்து வராமல் கேட்டுக்கொண்டே இருந்தார். கண்ணில் நீர் வந்துவிட்டது. அப்புறம் வெளியே வந்து, இத்தனை நாள் காக்க வைத்ததற்கு வருந்தி, பாயிரத்தைப் பாடிக் கொடுத்தார்.

இந்தச் சம்பவத்தை நமக்கு எழுதி வைத்தவர் உ.வே. சாமிநாதையர். அவர் எழுதியதில் ஒரு வார்த்தைகூட அலங்காரம் கிடையாது. திண்ணை இருக்கிறது, பகல் தூக்கம் இருக்கிறது, இலக்கணப் பிழை இருக்கிறது, பாயிரம் இருக்கிறது. பிழை அப்படியேதான் இருந்தது, பாட்டு ஜெயித்தது என்று வாசிக்கிறவன் தானே தெரிந்துகொள்கிறான். தமிழ் உரைநடையில் சங்கீதத்தின் வலிமையைச் சொன்ன முதல் தரமான இடம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் காட்டுவேன்.

ஐயருக்கு அது தற்செயலாக வந்துவிடவில்லை. அவருடைய தகப்பனார் வேங்கடசுப்பையர் சங்கீதக்காரர். உறவினரான கனம் கிருஷ்ணையரிடம் பயின்றவர். 1871-இல் பிள்ளையிடம் தமிழ் படிக்க மாயவரம் வந்த ஐயர், அதே ஊரில் இருந்த கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் பாட்டும் கற்றுக்கொள்ளப் போனார். ஒரு நாள் பாரதியாரே பிள்ளையிடம் உங்கள் மாணாக்கன் என்னிடம் வருகிறான் என்று பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார். பிள்ளைக்குப் பிடிக்கவில்லை. சங்கீதத்தில் புத்தி போனால் இலக்கியத்தில் ஆழ முடியாது என்று சொன்னார். ஐயர் பாட்டை விட்டுவிட்டார். திண்ணைப் பாட்டில் கண் கலங்கிய அதே பிள்ளைதான் இப்படிச் சொன்னவர்! ஒருவேளை கலங்கிய அனுபவம் இருந்ததால்தான் பயந்தாரோ என்னவோ.

விட்டது போலத்தான் தெரிகிறது, ஆனால் விடவில்லை. சங்க நூல்கள் பலவற்றைப் பதிப்பித்து எண்பது வயதை எட்டிய காலத்தில் ஐயர் கனம் கிருஷ்ணையர், கோபாலகிருஷ்ண பாரதியார், மகா வைத்தியநாதையர் ஆகிய மூன்று பேரைப் பற்றியும் தனித்தனியே எழுதினார். ராக லட்சணம் தேடி அவற்றைப் புரட்டினால் ஏமாற்றம்தான். யார் வீட்டில் பாடினார், யாரோடு போட்டி, ஜமீன்தார் என்ன செய்தார், கூட்டம் எப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டது என்று இருக்கும். நான் சின்ன வயதில் திண்ணையில் கேட்ட பேச்சு அப்படியே அச்சில் வந்த மாதிரி இருக்கும்.

இதற்கு நடுவில் பெரிய புத்தகங்கள் வந்தன. 1904-இல் எட்டயபுரத்திலிருந்து சுப்பராம தீட்சிதரின் 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி', தெலுங்கு லிபியில், கமகத்துக்கெல்லாம் குறியீடு போட்டு. 1917-இல் தஞ்சாவூரிலிருந்து ஆபிரகாம் பண்டிதரின் 'கருணாமிர்த சாகரம்', சுருதிக் கணக்குகளோடு. மலை மலையான உழைப்பு. ஆனால் இரண்டும் ஏற்கனவே உள்ளே இருப்பவனுக்கு எழுதப்பட்டவை. வாசலில் நின்று கேட்பவனைப் பற்றி அவற்றுக்குக் கவலை இல்லை, கவலைப்பட வேண்டியதும் இல்லை. வாசலில் நிற்பவன் சார்பில் கோபப்பட்டவர் கவிஞர் பாரதி. சங்கீதத்தைப் பற்றி அவர் எழுதிய கட்டுரையில், எந்தக் கச்சேரிக்குப் போனாலும் அதே நாலைந்து கீர்த்தனைகள், பாடுகிறவருக்கும் பொருள் தெரியாது, கேட்கிறவருக்கும் தெரியாது, ரசம் எங்கிருந்து வரும் என்று சண்டைக்கே போகிறார். ஹார்மோனியத்தின் மேல் அவருக்கு இருந்த கோபம் தனிக் கதை.

பாரதி சண்டை போட்டாரே தவிர, குறிப்பிட்ட ஓர் ஆளின் கச்சேரியைப் பற்றி விமர்சனம் எழுதவில்லை. அதற்கு இன்னொன்று வர வேண்டியிருந்தது. டிக்கெட்.

கல்யாணத்தில் நாலு நாள் கச்சேரி வைத்தால் செலவு பெண் வீட்டுக்காரர் தலையில். கோயில் உற்சவத்தில் நாகஸ்வரம் என்றால் உபயதாரர் தலையில். ஓசியில் கேட்டவனுக்குக் குறை சொல்ல வாய் வராது. சொன்னாலும் மறுநாள் திண்ணையோடு போகும். பட்டணத்தில் சபாக்கள் வந்து, வாசலில் காசு வாங்கி உள்ளே விட ஆரம்பித்த பிறகுதான், கொடுத்த காசு தகுமா என்ற கேள்வி வந்தது. 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் கூடியபோது அதை ஒட்டி ஒரு சங்கீத மாநாடு நடந்தது. அதன் பலனாக 1928-இல் சங்கீத வித்வத் சபை, அதாவது மியூசிக் அகாதெமி. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக மற்ற சபாக்கள், டிசம்பர் சீசன், மேடைக்கு மைக். அகாதெமி 1930-இல் ஆரம்பித்த ஆய்வு இதழ் பெரும்பாலும் இங்கிலீஷ். ஈ. கிருஷ்ணய்யர் அந்தக் கால வித்வான்களைப் பற்றி 1933-இல் போட்ட நல்ல புத்தகமும் இங்கிலீஷ். கச்சேரி கேட்டுவிட்டு வந்த வக்கீலுக்கு அது போதும். அவர் வீட்டு அம்மாளுக்கு?

அந்த அம்மாள் படித்தது ஆனந்த விகடன். எஸ்.எஸ். வாசன் அதை 1928-இல் வாங்கி நடத்திக்கொண்டிருந்தார். அங்கே எழுதிக்கொண்டிருந்த ரா. கிருஷ்ணமூர்த்தி, மாயவரத்துக்குப் பக்கத்தில் புத்தமங்கலத்துக்காரர், 'ஆடல் பாடல்' என்ற தலைப்பில் கச்சேரியும் நாட்டியமும் பற்றி எழுத ஆரம்பித்தார். கல்கி என்ற பெயரில் இல்லை. 'கர்நாடகம்' என்று ஒரு புனைபெயர். பழைய பஞ்சாங்கம் ஒன்று வந்து உட்கார்ந்து பேசுகிறது என்ற வேடிக்கை அந்தப் பெயரிலேயே இருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில், பழைய விகடன் பைண்டு வால்யூம்கள் ஒரு நண்பர் வீட்டுப் பரணில் இருந்தன. தூசியைத் தட்டி உட்கார்ந்து படித்தேன். முதலில் எனக்குப் பட்டது, மனுஷர் அவசரமே படுவதில்லை. பாட்டுக்கு வருவதற்கு முன்னால் ஹாலைப் பற்றிப் பேசுவார், கூட்டத்தைப் பற்றிப் பேசுவார், தாமதத்தைப் பற்றிப் பேசுவார். படிக்கிறவனைக் கையைப் பிடித்து உள்ளே அழைத்துப் போய், நாற்காலி பார்த்து உட்கார வைத்து, அப்புறம்தான் தம்பூரா. வித்வானின் முகச்சேஷ்டை அவருக்குத் தப்பாது. ஸ்வரக் கணக்கில் பாட்டை மறந்தவரை அவர் விடமாட்டார். சாஸ்திரம் பேசுவதை வேண்டுமென்றே தள்ளி வைத்தார். எனக்குப் பிடித்தது, எனக்குப் பிடிக்கவில்லை என்று சொல்லும் உரிமையைச் சாதாரண ரசிகனுக்கு வாங்கிக் கொடுத்தார். அதுவரை அந்த உரிமை தலையாட்டத் தெரிந்தவர்களிடம்தான் இருந்தது. ராகத்தின் பெயர் தெரியாதவன் அழுதால், அழுகைக்குக் கணக்கு உண்டா இல்லையா? உண்டு என்றார் கல்கி.

கல்கியைக் கும்பிடுகிறவர்கள் சொல்லாத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். நான் மேலே பட்டியல் போட்ட அந்தத் தேய்ந்த தமிழுக்கும் அவரே ஒரு வகையில் காரணம். அவர் "அடடா!" என்றால் அதற்கு முன்னால் நாலு பத்தி சாட்சி சொல்லியிருப்பார். பின்னால் வந்தவர்கள் சாட்சியை விட்டுவிட்டு அடடாவை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். அவருடைய ஆச்சரியக்குறி எல்லாருக்கும் வந்தது, கண் வரவில்லை.

அப்புறம் கச்சேரியில் தமிழ்ப் பாட்டு வேண்டும் என்ற தமிழிசைச் சண்டை. 1941 ஆகஸ்டில் அண்ணாமலை நகரில் மாநாடு, ராஜா சர் அண்ணாமலை செட்டியாரின் ஆதரவு, அகாதெமியின் எதிர்ப்பு, 1943-இல் சென்னையில் தமிழ் இசைச் சங்கம் என்று அது பலரும் எழுதிய வரலாறு. கல்கி அதே 1941-இல் விகடனை விட்டு விலகி, நண்பர் சதாசிவத்தோடு சேர்ந்து 'கல்கி' பத்திரிகையை ஆரம்பித்திருந்தார். ராஜாஜி, ரசிகமணி டி.கே.சி., ஆர்.கே. சண்முகம் செட்டியார் எல்லாரும் தமிழ்ப் பாட்டுப் பக்கம். டி.கே.சி. கட்சி நேரானது: வார்த்தை இதயத்தில் போய் விழ வேண்டும், விழுந்தால்தான் இசையும் சேர்ந்து விழும், புரியாத வார்த்தை எப்படி விழும்? எதிர்க்கட்சி சொன்னதும் லேசானது அல்ல. நாதத்துக்குப் பாஷை ஏது? தியாகையர் பாட்டுக்குத் தெலுங்கு தெரியாமல் தலைமுறை தலைமுறையாக உருகவில்லையா?

எனக்கு இரண்டு கட்சியிலும் பாதி நியாயம் தெரிகிறது. உருகுவதற்குத் தெலுங்கு தெரிய வேண்டாம்; எங்கள் பாட்டி தெரியாமலேதான் உருகினாள். ஆனால் உருகியதைப் பக்கத்து வீட்டுக்காரியிடம் சொல்ல அவளுக்குத் தமிழ்தான் இருந்தது. மேடையில் எத்தனை தமிழ்ப் பாட்டு ஏறியது, எத்தனை இறங்கியது என்று இன்றைக்கும் கணக்குப் பார்க்கிறோம். அந்தச் சண்டையில் யாரும் கேட்காமலே கிடைத்த லாபம் ஒன்று உண்டு: பாட்டு மனசை என்ன செய்கிறது என்று இரண்டு பக்கமும் பத்திரிகைத் தமிழில் பக்கம் பக்கமாக வாதாட வேண்டி வந்தது. அதற்கு முன் அந்த விஷயத்தைத் தமிழ் உரைநடை அவ்வளவு தூரம் சுமந்ததில்லை.

டி.கே.சி. தானே அதிகம் எழுதியவர் அல்லர், பேசியவர். திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் அவர் வீட்டில் கூடிய 'வட்டத்தொட்டி' என்ற இலக்கியக் கூட்டத்தில் ஒரே பாட்டைத் திரும்பத் திரும்பச் சொல்லிச் சொல்லி உட்கார்ந்திருப்பவர்களைக் கிறங்க வைப்பார் என்று போய்வந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பேச்சின் வாசனை தெற்கே கரிசல் வரைக்கும் போனது. கோவில்பட்டிக்குப் பக்கத்தில் இடைசெவல் என்ற சின்ன ஊர். அங்கே இரண்டு பையன்கள், கி. ராஜநாராயணனும் கு. அழகிரிசாமியும். இருவருக்கும் இலக்கியப் பைத்தியம் எவ்வளவோ அவ்வளவு சங்கீதப் பைத்தியம். கி.ரா. எழுத்தாளர் ஆவதற்கு முன் சங்கீதக்காரர் ஆக ஆசைப்பட்டவர். கு. அழகிரிசாமி, அண்ணாமலை ரெட்டியாரின் காவடிச் சிந்தைப் பதிப்பித்தவர். மணிக்கணக்கில் ராகம் மட்டுமே பாடிய விளாத்திகுளம் சுவாமிகளைப் பற்றி கி.ரா. எழுதியதையும், காருகுறிச்சி அருணாசலத்தைப் பற்றி அவர் சொன்னதையும் படித்தால், சபா ஹாலின் வாடையே இருக்காது. நாகஸ்வரம் புழுதித் தெருவில், கல்யாணப் பந்தலில், ராத்திரி நேரத்தில் கேட்கும். காருகுறிச்சியை உலகம் 1962-இல் 'கொஞ்சும் சலங்கை' படத்தால் தெரிந்துகொண்டது. 1964-இல் அவர் போய்விட்டார், நாற்பத்து மூன்று வயது முடிவதற்குள். அந்தக் கரிசல்காரர்களுக்கு அவர் சினிமா வருவதற்கு ரொம்ப முன்பே வேண்டியவர்.

காருகுறிச்சியின் குரு திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை. அவருடைய தோடியைப் பற்றி எங்கள் பக்கத்துப் பெரியவர்கள் பேசிக் கேட்டிருக்கிறேன். ஒருவர்கூட தைவதம், காந்தாரம் என்று வாயைத் திறந்ததில்லை. "கீழவீதி முனையில சாமி நின்னுது. நாங்க நின்னோம். பால்காரன் வந்துட்டான், பார்த்தா விடிஞ்சிருக்கு." அவ்வளவுதான் விமர்சனம். ராத்திரி முழுக்க நின்ற கால் வலித்ததா என்று கேட்டால், அந்தக் கேள்வியே அவர்களுக்குப் புரியாது.

ரேடியோ வந்தது இன்னொரு திருப்பம். சென்னை நிலையம் 1938 ஜூனில், திருச்சி நிலையம் 1939 மேயில். கச்சேரிக்குப் போகவே முடியாதவர்கள் கச்சேரி கேட்டார்கள். முனிசிபல் பூங்கா ஒலிபெருக்கியின் கீழே, பெட்டிக் கடை வாசலில், சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம். இவர்களுக்கு வித்வானின் முகம் தெரியாது, கூட்டம் தெரியாது, தலையாட்டப் பக்கத்தில் ஆள் கிடையாது. என் காலத்திலும் இப்படிப்பட்டவர்களிடமிருந்து ஆபீஸுக்குத் தபால் கார்டுகள் வரும். நேற்று ராத்திரி ஒன்பதரைக்கு இன்னார் பாடியதைக் கேட்டேன், எங்க அத்தை செத்து மூணு வருஷம் ஆச்சு, நேத்துதான் அழுதேன் என்று ஒரு கார்டு. ராகம் பெயர் இல்லை, பாட்டு பெயர் இல்லை, எழுத்துப்பிழை நிறைய. அதை வாசகர் கடிதத்தில் பிழை திருத்தாமல் போட்டேன். அந்தக் கச்சேரியைப் பற்றி எங்கள் விமர்சகர் எழுதியிருந்ததும் அதே இதழில் வந்தது. ஆசிரியர் என்னைக் கூப்பிட்டு, இரண்டையும் எதிரெதிர்ப் பக்கத்தில் போட்டிருக்கிறாயே, வேண்டுமென்றேதானே என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

உணர்ச்சியை எளிய சொல்லில் வைப்பதில் ஒரே ஒருவரை எடுத்துக்கொள் என்றால் தி. ஜானகிராமனைத்தான் எடுப்பேன். அவர் விமர்சகர் அல்லர், கதைக்காரர். பிழைப்புக்கு வானொலி. 'மோகமுள்'ளில் கும்பகோணத்து ரங்கண்ணா பாடுவதைவிடக் கேட்பதுதான் அதிகம். காற்றில் வரும் சத்தங்களையெல்லாம் சுருதி பார்த்துக்கொண்டிருக்கும் மனிதர். அந்த நாவலைக் காதல் கதையாகப் படித்தவர்கள் படித்துக்கொள்ளட்டும். எனக்கு அது காதைப் பற்றிய நாவல்.

அவருடைய 'செய்தி' என்ற சிறுகதை இன்னும் நேரடி. ஒரு நாகஸ்வர வித்வான், பழைய தலைமுறை. மகன் சினிமா மெட்டு வாசிக்கிறானே என்ற வருத்தம் அவருக்கு. வெளிநாட்டிலிருந்து வந்திருக்கும் ஒரு சங்கீதக் கோஷ்டிக்கு வக்கீல் ஒருவர் வீட்டில் வாசிக்கும்படி ஆகிறது. இந்த வெள்ளைக்காரனுக்கு என்ன தெரியும் என்று அரை மனசோடு வாசிக்கிறார். சாமா ராகத்தில் தியாகையர் கீர்த்தனை ஒன்று வந்ததும், கோஷ்டித் தலைவனான போல்ஸ்கா நிலை கொள்ளாமல் ஆகிவிடுகிறான். இன்னும், இன்னும் என்கிறான். சத்தமும் சண்டையும் நிறைந்த உலகத்தில் அமைதியைப் பற்றி இந்த இசை எனக்குச் செய்தி சொல்கிறது என்கிறான். அந்தக் கீர்த்தனையின் பொருளும் அதுதான், சாந்தம். அவனுக்குத் தெலுங்கு தெரியாது, ராகம் தெரியாது. வாசித்தவர் ஆடிப்போகிறார்.

தமிழிசைச் சண்டை ஓய்ந்த பிறகு வந்த கதை இது. நாதத்துக்குப் பாஷை இல்லை என்ற கட்சிக்கு இதைவிட நல்ல வக்கீல் கிடைக்கமாட்டார். ஆனால் கதை முழுக்க முழுக்கத் தஞ்சாவூர்ப் பேச்சுத் தமிழில், எவருக்கும் புரியும் சொற்களில் இருக்கிறது. டி.கே.சி. கட்சியும் தோற்கவில்லை. சாமா எப்படி இருந்தது என்று அவர் வர்ணிக்கத் தொடங்கியிருந்தால் நமக்கு ஒன்றும் கிடைத்திருக்காது. போல்ஸ்காவைப் பார்க்க வைத்துவிட்டார், சாமா தானாகக் கேட்கிறது.

இந்த வரிசையில் சுப்புடுவைத் தாண்டிப் போக முடியாது, நான் தாண்ட நினைத்தாலும். 1917-இல் பிறந்தவர், பர்மாவில் வளர்ந்தவர், 1942-இல் யுத்தத்தில் அங்கிருந்து நடந்தே இந்தியா வந்தவர்களில் ஒருவர். டில்லியில் நிதி அமைச்சகத்தில் உத்தியோகம், மாலையில் கச்சேரி, கூடவே ஹார்மோனியம் நன்றாக வாசிப்பார். 'கல்கி'யில் எழுத ஆரம்பித்துப் பிறகு இங்கிலீஷில் ஸ்டேட்ஸ்மன், தமிழில் பல பத்திரிகைகள் என்று 2007-இல் மறையும் வரை ஒரு அரை நூற்றாண்டுக்கு மேல் எழுதினார். டிசம்பரில் அவர் சென்னைக்கு வருகிறார் என்றால் சபா வாசலில் அதுவே செய்தி. நாயும் சுப்புடுவும் உள்ளே வரக்கூடாது என்று ஓரிடத்தில் பலகை வைத்தார்கள் என்ற கதையை அவரே ரசித்துச் சொல்வாராம்.

சுப்புடுவின் கத்தியை எல்லாரும் பேசுவார்கள். சிலேடை, குத்தல், ஒரே வரியில் ஆளைக் கவிழ்ப்பது. எங்கள் ஆபீஸிலும் அவர் கட்டுரை வந்த இதழ்களைத் தேடி வாங்கிப் படித்தோம், சிரித்தோம். ஆனால் அவர் நொந்ததை எழுதிய இடங்களைவிட மயங்கியதை எழுதிய இடங்களில்தான் தமிழ் நன்றாக இருக்கும் என்பது என் அபிப்பிராயம். திட்டுவதற்குச் சாமர்த்தியம் போதும். பிடித்திருந்தது என்று சொல்ல மனுஷன் கொஞ்சம் இளக வேண்டியிருக்கிறது. சுப்புடு இளகினால் சட்டென்று சின்ன வாக்கியமாகிவிடுவார். சிலேடை போய்விடும். ஆனால் படிக்கிறவர்களுக்கு வேண்டியிருந்தது கத்திதான், பத்திரிகைகளுக்கும் அதுதான். அவருக்குப் பிறகு வந்த சின்னச் சுப்புடுகள், கல்கியிடமிருந்து அடடாவை எடுத்துக்கொண்டவர்களைப் போலவே, அவரிடமிருந்து குத்தலை எடுத்துக்கொண்டார்கள். ஹார்மோனியத்தில் கை வைத்துப் பழகிய காதை எடுத்துக்கொள்ள அவர்களால் ஆகவில்லை.

நான் ஓய்வு பெறும் காலத்தில் பக்கத்தின் வடிவமே மாறிவிட்டது. வண்ணப் படம் பாதிப் பக்கம். பட்டுப் புடவை பளிச்சென்று தெரிய வேண்டும், விளம்பரக்காரர்களுக்கு அது முக்கியம். விமர்சனத்துக்கு மீதம் 120 சொல். அதில் பாடியவர், வயலின், மிருதங்கம், கடம் என்று பெயர்கள், எந்தச் சபா, எந்தத் தேதி, உருப்படிப் பட்டியல் எல்லாம் போட்டாக வேண்டும். ஒரு பக்கவாத்தியக்காரர் பெயர் விட்டுப் போனால் மறுநாள் காலையில் போன் வரும். எல்லாம் போக இருபது சொல் மிஞ்சினால் அதிகம். இருபது சொல்லில் என்ன எழுத முடியும் என்று இளைஞர் ஒருவர் என்னிடம் சண்டைக்கு வந்தார். நல்ல காது உள்ள பையன். 'அனுசரணையாக'வையும் 'கனஜோர்'ஐயும் எடுத்துவிட்டால் ஆறு சொல் மிச்சமாகும் என்றேன். அடுத்த வாரம் அவர் கொண்டுவந்த கட்டுரையில் ஒரு வரி இருந்தது: சஹானா நடுவில் கான்டீன்காரர் தட்டோடு கதவருகில் நின்றுவிட்டார். மூத்த உதவி ஆசிரியர் ஒருவர், இது விமர்சனத்தில் சேருமா என்று பென்சிலால் அடிக்கோடிட்டு என் மேஜைக்கு அனுப்பினார். உருப்படிப் பட்டியலில் ஒரு துக்கடாவை எடுத்துவிட்டு அந்த வரியை வைத்து அனுப்பினேன். துக்கடா விட்டுப் போனதற்கு மறுநாள் போன் வந்தது.